கலாவதியின் கண்மலர்

கலாவதி குறட்டின் நுனியால் வளையத்தை நெம்பி வெள்ளி வாளியை அதில் கொளுவினாள். சுண்டுவிரல் நகமளவில் ஒரு கிணறு, அதற்கொரு கூரை, உள்ளே தொங்க மிளகளவு வாளி. கிணற்றில் காசு போட்டு ஒன்றை நினைத்தால் அது நடக்குமாம். அந்த நம்பிக்கையைக் கைச்சங்கிலியில் மாட்டிக்கொண்டு திரிய வெள்ளைக்காரப் பெட்டையள் நத்தார்ப் பண்டிகை நெருங்க நெருங்க அடிபட்டு வாங்கினார்கள். செய்கிறவர்கள் லண்டன் கிங்ஸ்பரியில், சாறிக்கடைக்கு மேல்மாடியில், ஹீட்டர் வேலை செய்யாத அறையில் இருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, முடித்து வைத்த கிணறுகளில் ஒரு தட்டு முழுக்கக் காணவில்லை.

முதலாளி அருட்பிரகாசம் கதவைச் சாத்தினார். "ஒருத்தரும் குறை நினைக்காதேங்கோ. கைப்பையளை மேசையில வையுங்கோ."

வேறு என்னத்தை நினைக்கிறதாம்? பக்கத்து மேசை இம்மாகுலேற் கலாவதியைப் பார்த்தாள். கலாவதி அவளைப் பார்த்தாள். காலையில் ஒரே பிளாஸ்கில் தேத்தண்ணி குடித்தவர்கள்.

இம்மாகுலேற்றின் பையில் செபமாலையும் பஸ் பாஸும்தான் கிடந்தன. கலாவதியின் பையில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. அவிழ்த்தால் இரண்டு வெள்ளிக் கண்கள். கண் சுகப்பட வேண்டி அம்மனுக்குச் சாத்துகிற கண்மலர்.

"இது எங்கால வெள்ளி, தங்கச்சி?"

"டூட்டிங்கில வாங்கினனான், அண்ணை. பின்னேரம் கோயிலுக்குக் கொண்டுபோக."

"எங்கட வெள்ளியை உருக்கி அடிச்சாலும் இப்பிடித்தான் மினுங்கும்."

"ஐயோ, சாமிச் சாமான் அண்ணை! அப்பிடிச் சொல்லாதேங்கோ."

"அப்ப ஆரின்ர கண்ணுக்கு நேர்த்தி?"

நேர்த்தி கலாவதியின் கண்ணுக்குத்தான். ஆடியிலிருந்து இடக்கண்ணில் ஒரே புகைச்சல். இப்போது வலக்கண்ணும் மங்கல். வளையத்தின் வாய் மூடியதா என்று நகத்தால் தடவித்தான் தெரிந்துகொள்கிறாள். சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் கள்ளிப் பட்டத்தோடு போகும்.

"ஊரில மாமிக்கு," என்றாள்.

"ஊரில இருக்கிற ஆளுக்கு ஊர்க்கோயிலில எல்லோ குடுப்பினம்?" அவர் கண்மலரைத் தராசில் போட்டார். "உண்மையைச் சொல்லுங்கோ. இல்லாட்டிப் பொலிசுக்குப் போன் அடிக்க வேண்டி வரும்."

"அண்ணை!" இம்மாகுலேற் எழுந்தாள். "கலாக்கா கள்ளி இல்லை. அவவுக்குத்தான் கண் தெரியேல்லை. தடவித் தடவித்தான் வேலை செய்யிறா. நான் எத்தினை நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அருட்பிரகாசத்தின் போன் அடித்தது. காரை எடுத்துக்கொண்டு போன மனைவி. பின்சீட்டில் ஒரு தட்டுக் கிணறு கிடக்கிறதாம். நேற்று கடைக்காரனுக்குக் காட்ட அவரே கொண்டுபோனது.

"பாத்தியளே, என்ர மறதியை!" அவர் வாய்விட்டுச் சிரித்தார். கலாவதிக்கும் சிரிப்பு வந்தது. தப்பினேன் அம்மாளாச்சி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவர் கண்மலரைத் தராசிலிருந்து எடுத்து, பக்தியோடு தன் கண்களில் ஒற்றி, மஞ்சள் துணியில் முடிந்து அவளிடம் கொடுத்தார்.

"கண்ணோட விளையாடக் கூடாது, தங்கச்சி. ஆஸ்பத்திரியில வடிவாக் காட்டுங்கோ. சுகமானாப் பிறகு பாப்பம்."

"திங்கக்கிழமை வாறன் அண்ணை, எனக்கு ஏலும்..."

"நத்தார் ஓடர். என்னால ஒண்டும் செய்யேலாது."

கலாவதியின் மேசை விளக்கைப் பக்கத்து மேசைக்கு மாற்றச் சொன்னார். இம்மாகுலேற் அசையவில்லை. அவரே குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். பிறகு விளக்கை இம்மாகுலேற்றின் முன்னால் வைத்து, வெளிச்சம் அவள் கைகளில் நேராக விழும்படி திருப்பிவிட்டார்.