எதிர்ப்பக்கம் பிடித்த கை

கணவர் போய் நான்காவது மாதம், அவருடைய சக்கர நாற்காலியைப் பக்கத்துத் தெரு தையல்காரருக்குத் தருவதாக அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஒரு சக்கரத்தில் டயர் விரிசல் விட்டுப் போயிருந்தது. புதிது வாங்கி வந்து, மத்தியானம் கூடத்தில் உட்கார்ந்து மாட்டத் தொடங்கினாள்.

கெட்டி ரப்பர் டயர். வெந்நீரில் ஊறவைத்து, சோப்பு தடவியும் முரண்டு பிடித்தது. முக்கால் வட்டம் ஏறிவிடும். மிச்சத்தை இழுத்தால் ஏறிய பக்கம் கழன்றுவிடும். அவர் இருந்தவரை இது இரண்டு பேர் வேலை. எதிர்ப்பக்கத்தைக் கட்டைவிரல்களால் அழுத்திக்கொண்டு, "ரப்பர்கிட்ட மல்லுக்கு நிக்காதடி, கெஞ்சு" என்று கிண்டல் செய்வார்.

மூன்று முறை கழன்றது. நான்காவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். எதிர்ப்பக்கம் அசையவே இல்லை. யாரோ இறுக்கிப் பிடித்திருப்பதுபோல் நின்றது. அவள் தலையை நிமிர்த்தவில்லை, நிமிர்த்தினால் அங்கே யாரும் இருக்கமாட்டார்களோ என்று பயம்.

"விட்டுடாதீங்க" என்றாள் மெல்ல.

டயர் பட்டென்று விளிம்பில் உட்கார்ந்தது.

சாயங்காலம் தையல்காரர் ஊன்றுகோலோடு வந்தார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, "ஒத்தை ஆளா மாட்ட முடியாதேம்மா. எதிர்ல யாரு புடிச்சா?" என்று கேட்டார்.

"அவர்தான்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

தையல்காரர் சிரிக்கவில்லை. நாற்காலியையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னும் ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கூடத்தைத் திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் அவள் வாசலிலேயே நின்றாள்.