சொற்பொழிவு கேட்கப் போன துணைச் சுகாதார நிலையம்

நெடுங்காட்டுப்பட்டியின் துணைச் சுகாதார நிலையம் ஆடி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம் எழுந்து, கண்மாய்க்கரை வழியாக நடந்து, அரிமளத்தில் நடந்த சொற்பொழிவைக் கேட்கப் போனது. வழியில் யார் வேலியையும் மிதிக்கவில்லை. ஒரு மின்கம்பம் மட்டும் சாய்ந்தது. அது ஏற்கெனவே சாய்ந்ததுதான் என்றும் சொல்கிறார்கள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த கிராமச் செவிலியர் பிரகதாம்பாள் டிபன் பாக்ஸை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கூடவே போய்ச் சேர்ந்தார். கல்யாண மண்டபத்துக்கு வெளியே, டூவீலர்களுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, கட்டடம் தன் ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டது. பஸ்ஸைத் திருப்ப இடமில்லை என்று திருமயம் பஸ் டிரைவர் கொஞ்சம் சத்தம் போட்டார். மற்றபடி யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

பேசியவர் ஆத்மநாதன். சென்னையில் சுகாதாரத் திட்டங்கள் வகுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். மாதம் ஒரு சனிக்கிழமை 'சுகாதாரச் சீர்திருத்தமும் கொள்கைச் சவால்களும்' என்று பேனர் கட்டிப் பேசுவார். நல்ல மனிதர், பேச்சுதான் நீளம். கூட்டத்தில் பாதிப் பேர் சுண்டலுக்கு வந்தவர்கள், மீதிப் பேர் மின்விசிறிக்கு. அதனால் ஆடாமல் அசையாமல் கேட்கும் ஒரு கட்டடத்தைக் கண்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வரலாம்" என்று மைக்கில் சொன்னார். கட்டடம் கூச்சப்பட்டு அங்கேயே நின்றது. ஆனால் அதற்குப் பிறகு வந்த கூட்டம் ஒன்றையும் அது தவறவிடவில்லை.

அது ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நெடுங்காட்டுப்பட்டிக்கு ஒன்றுதான், ஏனென்றால் திறந்த நாளிலிருந்து ஊர்க்காரர் ஒருவரும் அதன் படி ஏறியதில்லை. காரணம் எளிது. அந்த ஊரில் காதுகுத்தோ வீடு குடிபுகுவதோ, வெற்றிலை பாக்குத் தட்டோடு வாசலுக்கு வந்து கூப்பிட்டால்தான் போவார்கள். பத்திரிகையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனால், சொந்த அண்ணன் வீட்டு விசேஷமானாலும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். திறப்பு விழாவுக்கு அதிகாரிகள் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியதோடு சரி. ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. காய்ச்சல் என்றால் கட்டடத்தைத் தாண்டிப் போய் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்கள். பிரகதாம்பாள் வீடு தேடிப் போனால் மோர் கொடுத்து உபசரிப்பார்கள். நிலையத்துக்கு வாங்க என்றால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இதில் மாட்டிக்கொண்டவள், அம்பலம் என்று ஊர்த் தலைமை பார்க்கும் நல்லதம்பியின் மனைவி இளமதி. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மழை நாளில், புதுக்கோட்டைக்குப் போகிற வழியில் தரைப்பாலத்து வெள்ளத்தில் கார் நின்றுபோய், அவளுடைய முதல் குழந்தை காருக்குள்ளேயே இறந்து பிறந்தது. இப்போது மறுபடி மாசமாக இருந்தாள், ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. வாரம் தவறாமல் நிலையத்துக்கு வரச் சொன்னார் பிரகதாம்பாள். நல்லதம்பிக்கும் பயம்தான். ஆனால் கௌரவம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"கூப்பிடாத எடத்துக்கு அம்பலமே போனா, அப்புறம் ஊருக்குள்ள எவன் மதிப்பான்?"

"ஊரு மதிக்கிறது கெடக்கட்டும். எனக்குப் புள்ள வேணுங்க" என்றாள் இளமதி.

ஐப்பசிக் கூட்டத்துக்கு அவளே நிறைமாத வயிற்றோடு பஸ் ஏறிப் போனாள். மக்கள் ஏன் அரசு நிலையங்களுக்கு வருவதில்லை என்பது அன்றைய பேச்சு. ஆத்மநாதன் திரையில் வண்ண வண்ணமாகப் படம் காட்டிக்கொண்டிருந்தபோது இளமதி எழுந்தாள். "எங்கள யாருங்கய்யா மொறையா வந்து கூப்பிட்டா?" கூட்டம் சிரித்தது. ஆத்மநாதன் சிரிக்கவில்லை. இதற்குக் கொள்கை ஆய்வில் தனிப் பெயரே இருக்கிறது என்று மகிழ்ந்துபோய், சுண்டல் ஆறிப் போகும்வரை அதைப் பற்றியே பேசினார். நடுவில் ஜன்னல்கள் படபடவென்று சாத்தும் சத்தம் கேட்டது. கட்டடம் முதல்முறையாகப் பாதியில் கிளம்பிவிட்டது.

மறுநாள் காலை அது நல்லதம்பி வீட்டு வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்றது. படியில் பிரகதாம்பாள். கையில் ஊசி மருந்து வைக்கும் எவர்சில்வர் தட்டு, அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். "அண்ணே, நம்ம ஆஸ்பத்திரிக்குக் குடும்பத்தோட அவசியம் வரணும். முன்னாடியே வந்து கூப்பிடாதது தப்புத்தான், மனசுல வச்சுக்காதீங்க." நல்லதம்பி தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். "இந்த ஒரு வார்த்தைக்குத்தான் தாயி இத்தன நாளும்..." என்று தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குள் இளமதி அவரைத் தாண்டிப் படியேறிவிட்டாள். வலி விடியும்போதே தொடங்கியிருந்தது.

அழுத்தம் பார்த்த பிரகதாம்பாள், "இங்க வச்சுப் பாக்க முடியாது, பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்று சுவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். கட்டடம் நடந்தது. முன்பு கார் நின்றுபோன அதே தரைப்பாலத்தில் அன்றைக்கும் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. இளமதி கண்ணை மூடிக்கொண்டாள். கட்டடம் ஒரே எட்டில் தாண்டிவிட்டது. புதுக்கோட்டையில் பிறந்தது பெண் குழந்தை. பிறந்தவுடன் வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டு, அம்பலம் என்பதையெல்லாம் மறந்து, நல்லதம்பி வராண்டாவில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார்.

பிறகு கட்டடம் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் தட்டோடு போய்க் கூப்பிட்டது. இப்போது அதற்குக் கூட்டம் தாங்கவில்லை, சொற்பொழிவுக்குப் போக நேரமில்லை. ஆத்மநாதனுக்கு அதில் வருத்தம்தான். மண்டபத்துக்கு வெளியே அதன் இடத்தில் இன்னும் யாரையும் வண்டி நிறுத்த விடுவதில்லை.

சென்ற தையில் குழந்தைக்குக் காதுகுத்து. நல்லதம்பி முதல் தட்டைக் கட்டடத்துக்குத்தான் கொண்டுபோனார். அது புதிதாக வெள்ளையடித்துக்கொண்டு வந்து பந்தலுக்கு வெளியே நின்றது. முதல் பந்தியில் அதன் படிக்கட்டில் ஓர் இலை போட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்த ஆத்மநாதன், அது தவறவிட்ட கூட்டங்களில் தான் பேசியதையெல்லாம் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். இளமதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, அந்த இலைக்கு இன்னொரு கரண்டி கறி வைத்தாள்.