வெர்னனின் காது

வெர்னன் கெய்டுக்குக் காது கேட்காது என்பது 1952-ல் ஹாலிவுட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான், இன்னொன்று அவன் குதிரை.

இருபது வருஷமாகக் கௌபாய் படங்களில் கதாநாயகன் அவன். பக்கத்திலேயே வெற்றுத் தோட்டா வெடித்து வெடித்துப் போன காது. வெளிப்புறப் படப்பிடிப்பில் சமாளித்துவிடுவான். “ஆக்‌ஷன்” என்ற சொல் எங்கள் குதிரைகளுக்கெல்லாம் அத்துப்படி. கேட்டதும் காதை விறைத்துக்கொள்ளும். வெர்னன் அதைப் பார்த்துக் கிளம்பிவிடுவான். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் எனக்கே அதைக் கண்டுபிடிக்க மூன்று படம் ஆனது. விஷயம் வெளியே போனால் இன்சூரன்ஸ்காரன் கையெழுத்துப் போடமாட்டான்; அது இல்லாமல் எந்த ஸ்டுடியோவும் நடிக்க விடாது. அப்புறம் வெர்னன் வீட்டில் உட்கார வேண்டியதுதான். நடிப்பைத் தவிர அந்த மடையனுக்கு வேறொன்றும் தெரியாது.

அன்றைக்கு சமையலறைக் காட்சி. குதிரைக்கு வேலை இல்லை. விதவையாக நடித்த அடெலா மரிக், அடுப்பருகே காமிராவைப் பார்த்து நிற்க வேண்டும். வெர்னன் அவளுக்குப் பின்னால். அவள் பேசி முடித்ததும் அவன் தன்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளும்படி கேட்க வேண்டும். படம் முழுக்க அடெலாவின் முகம் பெரிதாக வருவது அந்த ஒரே இடத்தில்தான். அதற்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்து அலங்காரம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

“ரூஃபஸ், காமிரா பக்கத்துல நில்லு. அவ முடிச்சதும் தொப்பியைக் கழட்டு” என்றான் வெர்னன் என்னிடம்.

கழற்றினேன். டைரக்டர் ஹாஸ்கெல் கத்தினார்: “யோவ் வெர்னன், கல்யாணம் அவளைப் பண்ணிக்கப் போறியா, ரூஃபஸையா? அவனையே பார்த்துக்கிட்டு நிக்கிறே!”

நாற்பது பேரும் சிரித்தார்கள். அடுத்த தடவை என்னைப் பார்க்கவில்லை. அவள் பாதி பேசும்போதே வாயைத் திறந்துவிட்டான். அதற்கடுத்த தடவை, அவள் முடித்த பிறகும் மரமாக நின்றான். ஏழாவது தடவையில் அவன் கழுத்தெல்லாம் வியர்வை.

திடீரென்று அடெலா கரண்டியைக் கீழே போட்டாள். “இந்த ஆளை முதுகுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு என்னால பேச முடியாது. திரும்பி நின்னுதான் பேசுவேன்.”

“உன் முகம் தெரியாதேம்மா! காமிராவுல வெறும் கொண்டைதான் விழும்!” என்றார் ஹாஸ்கெல்.

“விழட்டும். கொண்டை போடவும் நேரமாச்சுல்ல.”

திரும்பினாள். அவன் முகத்துக்கு நேரே, ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். வெர்னன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முடித்ததும் ஒரு மூச்சு விட்டு, கல்யாணம் கேட்டான். விளக்குப் பிடிக்கிறவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கட்” சொன்னதும் அடெலாவிடம் ஓடினேன். “எப்பம்மா தெரியும்?”

“முதல் நாளே. என் காலை மிதிச்சுட்டுப் போனாரு. பின்னாடியே போய் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மனுஷன் திரும்பவே இல்ல. ஒரு நடிகருக்கு இவ்வளவு பொறுமை இருக்காதேன்னு யோசிச்சேன்.”

வெர்னன் எங்கள் இருவர் வாயையும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். நேராக ஹாஸ்கெலிடம் போனான்.

“எனக்குக் காது கேக்காது ஹாஸ்கெல். ரெண்டும்தான். அதுக்காகத்தான் இந்தப் பொண்ணு தன் முகத்தை விட்டுக் கொடுத்துச்சு. அவ முகத்தைப் படம் பிடிச்சுடுங்க. நான் வீட்டுக்குப் போயிடறேன்.”

எல்லோருக்கும் கேட்டது. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததை இப்படிப் போட்டு உடைத்துவிட்டானே என்று அவனை மனதுக்குள் திட்டினேன். அழுகையும் வந்தது.

ஹாஸ்கெல் எழுந்து அவனுக்கு எதிரே வந்து நின்றார். அவர் கத்தாமல் பேசி நான் பார்த்தது அன்றுதான்.

“வீட்டுக்கு அப்புறம் போகலாம். அடுத்த ஷாட் அவங்க முகம். நீ எங்க நின்னா உனக்கு வசதி?”

அந்த ஊரில் ஒரு நடிகன் தும்மினால் மறுநாள் பத்திரிகையில் வரும். அன்று அங்கிருந்த நாற்பது பேரில் ஒருவரும் வெளியே மூச்சுவிடவில்லை. வெர்னன் அதற்குப் பிறகும் ஆறு படம் நடித்தான். அந்த ஆறிலும் அவனிடம் பேசுகிற எல்லோரும் அவன் முகத்துக்கு நேரே நின்றுதான் பேசினார்கள், அவனைச் சுட வந்த வில்லன்கள்கூட.