மிதித்தால் வரும் தண்ணீர்

என் மைத்துனி கமலேஸ்வரியைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் தகப்பனாருடைய வெள்ளைச் சட்டையின் பின்தோளில் என் வலது கையின் ஐந்து விரல்களும் கறுப்பாகப் பதிந்துவிட்டன. பட்டறையிலிருந்து ஓடி வந்த அவசரத்தில், பெரிய மனிதரை அன்போடு தோளில் தொட்டு உள்ளே அழைத்ததுதான் நான் செய்தது. அவர் நல்ல மனிதர். பலகாரம் சாப்பிட்டு, சம்பந்தத்துக்குச் சம்மதமும் சொல்லி, முதுகில் என் கையோடு தெருவால் நடந்து போனார். வாசலில் நின்று வழியனுப்பிய எங்கள் எல்லோருக்கும் அந்தக் கை தெளிவாகத் தெரிந்தது.

அன்று என் மனைவி பூரணி அதிகம் கதைக்கவில்லை. "இனிமேல் இந்தக் கையோட குசினிக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்று மட்டும் அடுப்படி வாசலில் நின்று சொன்னாள். கையோடு எப்படிக் கால் வைப்பது என்று கேட்க வாய் வந்தது. கேட்காமல் விட்டது அன்று நான் செய்த ஒரே புத்தியான காரியம்.

என் பெயர் சோமசேகரம். எழுபதுகளின் தொடக்கத்தில், திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் சரிவு முடிந்து உள்துறைமுகத்துப் பக்கம் தெரு திரும்பும் இடத்தில், தகரம் வேய்ந்த ஒரு பட்டறை வைத்திருந்தேன். தண்ணீர் இறைக்கும் பம்புகளைத் திருத்துவதுதான் முக்கிய தொழில். தம்பலகாமத்து வயல்காரர்களும் குச்சவெளித் தோட்டக்காரர்களும் மூச்சடங்கிப்போன பம்புகளைக் கொண்டுவந்து இறக்குவார்கள். இடையில் பற்றரி சார்ஜ் பண்ணிக் கொடுப்பதும் உண்டு. திருகோணமலையைச் சுற்றித் தண்ணீர் பாயும் இடங்களில் பாதி என் கைவண்ணம் என்று நானே சொல்லித் திரிந்த காலம் அது. ஆனால் என் பட்டறைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. எங்கள் தெருவுக்குக் குழாய் போடவில்லை. பின்வளவில் ஒரு கிணறு இருந்தது. அதற்கு நானும், அடுத்த கொட்டிலில் லொறி மூடும் படங்குத் துணி தைக்கும் ஸெய்னுதீன் நானாவும் பங்காளிகள். கிணற்றடிக்குப் போகும் சோம்பலில் நான் கையை மண்ணெண்ணெயில் நனைத்து, மரத்தூளில் பிசைந்து, இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துக்கொள்வேன். அந்த முறையின் பலனைத்தான் சம்பந்தி முதுகில் சுமந்து போனார்.

ஆகவே பட்டறைக்குள்ளேயே கை கழுவ ஓர் ஏற்பாடு செய்வதென்று தீர்மானித்தேன். ஒரு வாளித் தண்ணீர், ஒரு கோப்பை, ஒரு துண்டுச் சவர்க்காரம். இவ்வளவும் போதும் என்று யாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் நான் மெக்கானிக். வாளியும் கோப்பையும் வைப்பதற்கு எதற்கு ஒரு மெக்கானிக்?

அந்த ஆண்டுகளில் கடைகளில் புதிதாக ஒன்றும் வாங்க ஏலாது. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்தது. ஆனால் வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய சாமான்களுக்குத் துறைமுகத்துப் பக்கம் குறைவில்லை. ஓர் ஏலத்தில் பீங்கான் பேசின் ஒன்று கிடைத்தது. குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல அகலம். ஓரத்தில் சிறு வெடிப்பு. எந்தக் கப்பல் கப்டன் அதில் முகம் கழுவினானோ என்று நான் வியந்துகொண்டிருந்தபோது, தள்ளுவண்டிக்காரன் இதன் பாரத்துக்குக் கப்டனையும் சேர்த்துத்தான் ஏற்றியிருக்கிறீர்களோ என்று கேட்டான்.

மேடை அடித்து அதன்மேல் ஒரு பரலை, வாய் திறந்த இரும்புப் பீப்பாயை, ஏற்றி, பரலிலிருந்து குழாய் இறக்கி, குழாய்க்குக் கீழே பேசினைப் பொருத்துவது என் திட்டம். உயரம் கூடினால் வேகம் கூடும் என்று ஸெய்னுதீன் நானாவுக்கு நீண்ட விளக்கம் கொடுத்தேன். அவர் என்னைவிட மூத்தவர். தினமும் கிண்ணியாவிலிருந்து துறை கடந்து வருபவர். படங்கில் ஊசியைக் குத்தியபடியே பொறுமையாகக் கேட்டார். எல்லாம் கேட்டபின், இவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றுவது யார் என்று மட்டும் விசாரித்தார். அதையும் யோசித்து வைத்திருந்தேன். திருத்தி முடித்த பம்பைக் கிணற்றடியில் வைத்து ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அந்தத் தண்ணீரைச் சும்மா நிலத்தில் விடாமல் பரலுக்கு அனுப்பினால் சரி. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் நான் ஒரு பம்பைத் திருத்தி முடித்தால்தான் எனக்குக் கை கழுவத் தண்ணீர் கிடைக்கும் என்பது பிறகுதான் விளங்கியது. சில கிழமைகளில் பரல் காய்ந்து கிடக்கும். வந்து போகிறவர்கள் பரலைத் தட்டிப் பார்த்தே என் தொழில் நிலவரத்தை அறிந்துகொண்டார்கள்.

முதல் நாள் ஸெய்னுதீன் நானாவைத்தான் அழைத்துக் கை கழுவ வைத்தேன். குழாயைத் திறந்ததும் தண்ணீர் பேசினில் பாய்ந்த வேகத்தில் எகிறி அவருடைய வயிற்றை நனைத்தது. அவர் கையை முகர்ந்து பார்த்தார். நேரே கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டு மறுபடியும் கழுவினார். அந்தப் பரலில் முன்பு மண்ணெண்ணெய் இருந்தது. சாம்பல் போட்டும் புளி போட்டும் உரஞ்சிப் பார்த்தேன். வாசம் போக மாதக்கணக்கானது.

அடுத்தது கழிவுத் தண்ணீர். பேசினுக்குக் கீழே வாளி வைத்திருந்தேன். தண்ணீர் வருவதில் இருந்த கவனம் எனக்கு அது போவதில் இருக்கவில்லை. வாளி நிறைந்து என் சொந்தக் காலில் வழியும்போதுதான் ஞாபகம் வரும். வாளியை எடுத்துவிட்டு ஒரு றப்பர்க் குழாயை மாட்டிச் சுவருக்கு வெளியே விட்டேன். நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்கவில்லை. மறுநாள் ஸெய்னுதீன் நானா வந்து வாசலில் நின்றார். மீன் லொறி ஒன்றுக்காகத் தைத்து விரித்திருந்த புதுப் படங்கின் நடுவே என்னுடைய கறுப்புத் தண்ணீர் குளம் கட்டியிருந்தது.

"தம்பி, குழாயே இல்லாத தெருவில எனக்கு மட்டும் எப்படி வெள்ளம் வந்தது?" என்று கேட்டார்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்று முழுவதும் நான் முழந்தாளில் நின்று படங்கைத் தேய்த்தேன். பிறகு மற்றப் பக்கத்தில் குழி வெட்டி, கல்லும் கரியும் போட்டு, தண்ணீரை அங்கே இறக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. கிறீஸ் கையால் குழாயைத் திருகுவதால் குழாய் அழுக்காகிறது, கழுவிய கையால் மறுபடி அதைப் பூட்டும்போது கையும் அழுக்காகிறது என்று ஒரு குறை கண்டுபிடித்தேன். கைக்குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, உடைந்த லொறி ஒன்றின் கிளச் பெடலைத் தரையில் பொருத்தினேன். பெடலிலிருந்து ஒரு சைக்கிள் பிறேக் கம்பி மேலே போய்ப் பரலின் அடைப்பைத் தூக்கும். மிதித்தால் தண்ணீர், காலை எடுத்தால் இல்லை. பார்த்தவர்கள் உண்மையாகவே வியந்தார்கள். பூரணிகூட ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தபோது மிதித்துப் பார்த்தாள். நல்லாத்தான் இருக்கு என்றாள். அந்தச் சொல்லுக்குப் பிறகு என்னைப் பிடிக்க ஏலாது. பம்பு திருத்த வருகிறவர்களுக்குப் பம்பைப் பற்றிச் சொல்வதைவிடப் பெடலைப் பற்றிச் சொல்லும் நேரம் கூடியது.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அது நடந்தது. தம்பலகாமத்திலிருந்து பாக்கியரத்தினம் தன் உழவு இயந்திரத்தின் பற்றரியை மடியில் வைத்து பஸ்ஸில் வந்திருந்தார். நெல்மூட்டையைத் தோளில் ஏற்றி வளர்ந்த உடம்பு, பேச்சு குறைவு. நான் சாடியிலிருந்து பற்றரிக்குள் அசிட் வார்த்துக்கொண்டே, தலையை அவர் பக்கம் திருப்பி, காலால் மிதிக்கும் குழாயை இலங்கையிலேயே முதலில் செய்தவன் நானாக இருக்கக்கூடும் என்று விளங்கப்படுத்தினேன். சாடி பற்றரியின் விளிம்பில் இடித்தது. அசிட் தெறித்து என் வலது கண்ணில் விழுந்தது.

நெருப்பு என்றால் போதாது. இரண்டு கண்ணும் தாமாகவே பூட்டிக்கொண்டன. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தண்ணீர் வேண்டும், உடனே வேண்டும், நிறைய வேண்டும். அதற்குத்தானே இவ்வளவும் கட்டி வைத்திருக்கிறேன் என்று பேசினை நோக்கிப் பாய்ந்தேன். பேசின் கைக்கு அகப்பட்டது. பெடல் காலுக்கு அகப்படவில்லை. குருடனாய் நின்று தரை முழுவதும் மிதித்தேன். ஒருமுறை மெத்தென்று ஏதோ மிதிபட்டது. அது பாக்கியரத்தினத்தின் பாதம். கடைசியில் பெடல் கிடைத்தது. இருந்த பயம் முழுவதையும் காலுக்குக் கொடுத்து மிதித்தேன். துறைமுகத்து உப்புக்காற்றில் துருவேறியிருந்த கம்பி மேலே எங்கேயோ டக்கென்று அறுந்தது. திருகித் திறக்க அங்கே குழாயும் இல்லை. நான்தான் அதைக் கழற்றி எறிந்தவன்.

"தண்ணி எங்க இருக்கு?" என்றார் பாக்கியரத்தினம்.

நான் மேலே கை காட்டினேன்.

அவர் என் இடுப்பைப் பிடித்தது தெரிந்தது. அடுத்த கணம் கால் தரையில் இல்லை. மேடையின் குறுக்குச் சட்டத்தில் ஒரு காலை வைத்து ஏறி, என்னைத் தலைகீழாகப் பரலுக்குள் விட்டார். மூச்சு முட்டியதும் தூக்கினார்; மறுபடி அமுக்கினார். தண்ணீருக்குள் கண்ணைத் திறக்கும்படி வெளியிலிருந்து அவர் சொல்வது கோயில் மணியைப் பானைக்குள் இருந்து கேட்பதுபோலக் கேட்டது. திறந்தேன். தெருவில் போனவர்கள் கண்டது மெக்கானிக் சோமசேகரத்தின் இரண்டு கால்களையும், அவிழ்ந்து விழும் நிலையில் ஒரு சாரத்தையும்தான்.

அந்த மேடையை நான் ஒரு பரலுக்கென்று அடித்தேனே தவிர இரண்டு ஆளுக்கென்று அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் தாங்கிப் பார்த்துவிட்டு அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பரல், நான், பாக்கியரத்தினம் எல்லோரும் சேர்ந்து கீழே வந்தோம். பேசின் இரண்டாகப் பிளந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த ஸெய்னுதீன் நானா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய் இருத்தி, இமையை விரலால் விரித்துப் பிடித்தார். பாக்கியரத்தினம் அள்ளித் தர, இவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். போதும் போதும் என்று நான் கத்தியும் விடவில்லை. எனக்கு அழுகை வந்தது. தண்ணீரோடு தண்ணீராக அழுதேன். பூரணியின் முகத்தை இனி ஒரு கண்ணால்தான் பார்க்கப் போகிறேன் என்றும், அந்த ஒரு கண்ணாலும் அவளை நேரே பார்க்க எனக்கு முகம் இருக்காது என்றும் நினைத்தேன்.

பிறகு, முழுக்க நனைந்த என்னைத் தன் சைக்கிள் பாரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு மிதித்துப் போனதும் நானாதான். பாக்கியரத்தினம் நொண்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்.

கண்ணைப் பார்த்த டொக்டர், உடனே நன்றாகக் கழுவியபடியால் பார்வை தப்பியது என்றார். எங்கே கழுவினீர்கள் என்றும் கேட்டார். பட்டறையில் ஒரு வசதி செய்து வைத்திருக்கிறேன் என்று நான் தொடங்க, நானாவும் பாக்கியரத்தினமும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பூரணி வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். பிறகு என் கையை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"கல்யாணம் கட்டின நாளைக்குப் பிறகு இண்டைக்குத்தான் இவ்வளவு சுத்தமா இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு அந்தக் கையைத் தன் கைகளுக்குள் மூடிக்கொண்டாள்.

கண்ணில் போட்ட கட்டை அவிழ்த்த பிறகு மறுபடி ஓர் ஏற்பாடு செய்தேன். பரலை இரண்டு கற்களின்மேல், இடுப்பு உயரத்தில் வைத்தேன். தேடி அலைந்து சாதாரணக் கைக்குழாய் ஒன்றைப் பிடித்துப் பூட்டினேன். பிளந்த பேசினுக்குப் பதிலாக வாய் அகன்ற அலுமினியச் சட்டி ஒன்று, அடியில் துளை போட்டு. பரலுக்கு மூடி போடவில்லை. நல்ல தண்ணீரில் தூசி விழுமே என்று நானா கேட்டார். தலை போகும் அளவுக்குத் திறந்திருக்கட்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஒரு படங்குத் துண்டை வெட்டி, இழுத்தால் கழன்று வரும்படி மேலே கட்டிவிட்டார்.

சில வருடம் கழித்து எங்கள் தெருவுக்கும் குழாய் போட்டார்கள். இணைப்பு எடுத்த முதல் ஆட்களில் நானும் ஒருவன். வேலை முடித்தவர்கள் குழாயைத் திருகிக் காட்டினார்கள். நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது, பிறகு இரண்டு சொட்டு. பின்னேரமாகப் பார்க்கலாம் என்றார்கள். நாள் முழுவதும் மண் வெட்டிய அவர்கள் கை கால் எல்லாம் சேறு. ஒருவர் பின் ஒருவராக வந்து என் பரலடியில் கழுவிக்கொண்டு போனார்கள். கடைசி ஆளுக்குத் தண்ணீர் ஒழுங்காக வரவில்லை. பரலைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு பம்பு பாதியில் நிற்கிறது, நாளைக்குத் திருத்தி முடித்தால் தண்ணீர் வரும் என்று அவருக்குச் சொன்னேன்.