ஜெயபாரதிக்குக் கிடைத்த வசனம்

காலையிலிருந்து ஒரு பனியன் கூடத் தைக்கவில்லை. மெஷின் சத்தம் சினிமாப் படப்பிடிப்புக்கு ஆகாது என்று பவரை நிறுத்தியிருந்தார்கள். மின்விசிறியும் நின்றுவிட்டது. மண்ணரைப் பகுதியில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியின் மாடியில் பெண்கள் மெஷின்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, புழுக்கத்தில் கழுத்தைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

வேல்விழி, ஜெயபாரதியின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். துணியை மடித்துக் கொடுத்துப் பிசிறு வெட்டுகிற கைமடி வேலை அவளுக்கு. போன வருஷம் ஆடி வரைக்கும், இப்போது ஜெயபாரதி இருக்கிற அந்த ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து துணி ஓரம் தைத்தவள் வேல்விழிதான்.

ஜன்னலோரத்தில் கதாநாயகிக்கு மேக்கப் நடந்துகொண்டிருந்தது. வெளுத்த கன்னத்தில் பழுப்பு நிறத்தைப் பஞ்சால் ஒற்றி ஒற்றித் தேய்த்தார்கள்.

"நம்ம நெறத்த டப்பாவுல அடைச்சு விக்கிறாம்ட்டி. நமக்கு ஓசியிலயே கெடைச்சிருக்கு," என்றாள் வேல்விழி.

வேல்விழியின் சங்கரன்கோவில் பேச்சுக்கு எப்போதும் விழுந்து விழுந்து சிரிக்கிற ஜெயபாரதி இன்று சிரிக்கவில்லை. உதடு மட்டும் முணுமுணுத்தது. "பேச்சுக் குடுக்காதீங்கக்கா. வசனம் மறந்து போயிருமுங்க."

வசனம்!

படத்தில் தையல்காரியாக வரும் கதாநாயகியின் தோளில் சூப்பர்வைசர் கை வைப்பான். பக்கத்து மெஷின்காரி எழுந்து, "அவ மேல கை வெச்சா நாங்க பாத்துட்டு இருக்க மாட்டோம்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி ஜெயபாரதிக்குக் கிடைத்திருந்தது. முகம் வட்டமாக, பாவமாக இருக்கிறதாம்.

அது வேல்விழிக்கு நடந்தது. உதவி இயக்குநர் நித்யஸ்ரீ இந்தக் கோடையில் வந்து, ஒரு மத்தியானம் முழுக்க அவளோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டு போன கதை. தையல் பார்க்கிற சாக்கில் தோளில் கை வைத்த சூப்பர்வைசர் சதீஷ்குமார் மேல் அவள் புகார் கொடுத்தாள். ஆபீஸ் அறையில் விசாரித்தபோது, பக்கத்து மெஷினில் இருந்த ஜெயபாரதி, "நா குனிஞ்சு தெச்சுட்டு இருந்தனுங்க. பாக்கலீங்க" என்று சொல்லிவிட்டாள். சதீஷ்குமார் சூப்பர்வைசராகவே நீடித்தான். வேல்விழி கைமடிக்கு இறங்கினாள். அவள் மெஷின் ஜெயபாரதிக்குப் போயிற்று.

அவளுக்கும் பயம் இருக்காதா, பிள்ளைகுட்டிக்காரி என்று வேல்விழி அதை ஒருவாறு விழுங்கியிருந்தாள். மெஷினை விட்டுக்கொடுக்கக்கூட மனசு பழகிவிட்டது. இந்த வரியை விட்டுக்கொடுக்க முடியவில்லை. வேடிக்கை பார்த்து நிற்கிற சதீஷ்குமாரின் காதில் விழ, அதைக் கேமரா முன்னால் தன் வாயால் ஒருமுறை சொல்லிவிட வேண்டும். அது போதும் அவளுக்கு.

"எல்லாரும் அந்தச் சட்டையக் கழட்டிருங்கம்மா!" என்று யாரோ கத்தினார்கள்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டுதான் எல்லோரும் வேலை பார்ப்பார்கள். பஞ்சுத்தூசி ஒட்டாது. குனிந்து நிமிரும்போது மாராப்பைப் பற்றிக் கவலை இல்லை. சட்டையைக் கழற்றிய பிறகு, முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு எல்லோருமே பிறர் வீட்டுக்கு வந்தவர்கள் போல உட்கார்ந்தார்கள். கேமராவில் விழாத இடத்தில் நின்றதால் வேல்விழியை யாரும் கேட்கவில்லை.

முதல் தடவை ஜெயபாரதிக்குக் குரல் வரவில்லை. அடுத்த தடவை "கை வெச்சா" என்பதோடு நின்றுவிட்டது. பிறகு எழுந்திருக்கவே மறந்துபோனாள். இயக்குநர் தொப்பியைக் கழற்றி மேஜையில் எறிந்தார்.

ஜெயபாரதி திரும்பி மெல்லச் சொன்னாள். "நீங்க பின்னாடி நின்னா எனக்கு வாயே வர மாட்டேங்குதுங்கக்கா."

"அன்னைக்கும் வரலியேட்டி."

ஜெயபாரதியின் முகம் செத்துப்போயிற்று. சொன்ன கணத்தில் வேல்விழிக்கு இனித்தது. அந்த இனிப்பு போவதற்குள் அவள் ஓரடி முன்னால் வந்துவிட்டாள்.

"நான் சொல்லுதேன் சார்."

யாரும் சரி என்று சொல்வதற்கு முன்பே அந்த வரியைச் சொல்லியும் விட்டாள். கத்தவில்லை. ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னாள். லைட் பிடித்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அட, யாரும்மா நீ?" இயக்குநர் எழுந்து நின்றார். "இவங்களே பண்ணட்டும். வாம்மா, இந்த சீட்ல உக்காரு. அந்தச் சட்டைய மட்டும் கழட்டிட்டு வா."

வேல்விழியின் விரல்கள் மேல் பட்டனைக் கழற்றின. அடுத்ததையும் கழற்றின. மெஷின், வசனம் இரண்டுமே இதோ கைக்கெட்டும் தூரத்தில். நிமிர்ந்தவள் எதிரே பார்த்தாள். தூணில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்ற சதீஷ்குமாரின் கண் அவள் விரல்களுக்குக் கீழே இருந்தது. சாவகாசமாக, அடுத்த பட்டனுக்குக் காத்திருப்பது போல.

விரல் நின்றது.

"சட்டையோடவே சொல்லுதேன் சார்."

"படம் பாக்குறவனுக்கு ஒரு லட்சணம் வேணாமாம்மா? ஆம்பளச் சட்டையப் போட்டுட்டு நின்னா?"

"இங்க எல்லாருமே இதப் போட்டுட்டுத்தான் சார் வேலை செய்றாங்க," என்றாள் நித்யஸ்ரீ. "புகார் குடுத்ததும் இந்த அக்காதான். நம்ம கதையே இவங்களோடதுதான்."

"எல்லாம் இவங்களே பண்ணிட்டா ஹீரோ எதுக்கு நித்யா படியேறி வர்றாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். சதீஷ்குமாரின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

"விடுங்க, வசனமே வேணாம்," என்றார் இயக்குநர். "அவன் கை வெச்சதும் எல்லாரும் பயந்து குனிஞ்சுக்கங்க. அது போதும். சட்டைக்காரம்மா, நீங்க ஃபிரேமுக்கு வெளிய வந்துருங்க."

வேல்விழி பட்டன்களைப் போட்டுக்கொண்டு ஒதுங்கினாள். நித்யஸ்ரீ அவளைப் பார்க்காமல் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை யாருமே தப்புச் செய்யவில்லை. அத்தனை தலைகளும் ஒன்றுபோலக் குனிந்தன. "இதுதான் வேணும்!" என்று இயக்குநர் கைதட்டினார். "எங்க பொம்பளைங்க சொன்னபடி கேப்பாங்க சார்," என்று மேனேஜர் பெருமையாகச் சொன்னார்.

குனிந்த ஜெயபாரதியின் கண்ணில் நீர் கோத்திருந்தது. நடிப்பில்லை என்று வேல்விழிக்குத் தெரியும்.

"அப்படியே இருங்க! கேமரா அந்தப் பொண்ணு பக்கம் வரட்டும்," என்று இயக்குநர் பதறினார். லைட் பையன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகையை வேல்விழியின் கையில் திணித்தான். "ஒரு நிமிஷம் பிடிங்கக்கா. வெளிச்சம் அவங்க மூஞ்சில அடிக்கணும்."

அவள் பிடித்துக்கொண்டாள். கேமரா ஜெயபாரதியின் முகத்தருகே ஊர்ந்து வந்தது. என் அழுகை அது, என்று நினைத்தாள் வேல்விழி. அதையும் ஜெயபாரதியே எடுத்துக்கொண்டாள். பலகையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், அந்த முகம் இருட்டிவிடும்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

சட்டையின் கை முழங்கைக்குச் சரிய, வேல்விழி இரண்டு கைகளாலும் பலகையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். ஜெயபாரதியின் கன்னத்தில் கண்ணீர் பளிச்சென்று மின்னியது.