லாரிக்காரர் வீட்டுக் கடன்

"மெஷின் கடகடன்னு சத்தம் போடுது, காலி பண்ணுங்க" என்று யாரும் வந்து கதவைத் தட்டாத வீடு வேண்டும். தையல்காரியின் ஆசை அவ்வளவுதான். லாரி ஓட்டி ஊரெல்லாம் சுற்றும் அவள் புருஷனுக்கு வீடு மாறுவது விளையாட்டு. மூட்டை கட்டுகிறவளுக்கல்லவா தெரியும் அந்தப் பாடு.

பார்த்துவைத்த வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. கடன்தான் பாக்கி.

முதல் கம்பெனியில் குளுகுளு அறை. வட்டி எல்லாரையும்விடக் குறைவு. டை கட்டியவர் வாய் நிறையச் சிரித்தார். இரண்டாவது கம்பெனியின் ஏஜென்ட் வீடு தேடியே வந்தார். எதைக் கேட்டாலும், "எல்லாம் இருக்கும் சார்."

"இருக்குமா, இருக்கா?" என்றார் லாரிக்காரர்.

"இருக்கும் சார்."

மூன்றாவது ஒரு கடன் சங்கம். அங்கிருந்த கண்ணாடிக்கார அம்மா வட்டி அரை சதவீதம் கூடுதலாகச் சொன்னதுமே தையல்காரி பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள். அதற்குள் அடுத்த கேள்வி வந்து விழுந்தது.

"சார் லாரி ஓட்டறவர். நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா தவணையை யார் கட்டுவாங்க?"

தையல்காரிக்குச் சுருக்கென்றது. "நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல என்ன பேச்சு இது? எழுந்திருங்க, போகலாம்."

"இரும்மா. சாகப் போறது நான். நீ ஏன் கோவிச்சுக்கற?"

"வாயைக் கழுவுங்க."

அந்த அம்மா அசரவில்லை. "கடனோட இன்சூரன்ஸ் எல்லாரும் தர்றாங்க. லாரி ஓட்டறவங்களை சிலர் அதுல சேர்க்கறதில்ல. மத்தவங்ககிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. வட்டியைக் கேட்டார்கள், தவணையைக் கேட்டார்கள். இதை எந்த வாயால் கேட்பது? லாரிக்காரர் அங்கேயே உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, முதல் கம்பெனிக்குப் பேசினார். "ஒரு நிமிஷம் சார்" என்றார் டை கட்டியவர். பாட்டு ஓடியது. அது முடிந்து அடுத்த பாட்டும் வந்தது.

"லாரி டிரைவருக்கு வராதாம் சார். ஆனா வட்டி கம்மி சார்."

ஏஜென்ட்டைக் கேட்டால், "இருக்கும் சார்."

லாரிக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளுக்கு வரவில்லை. பை தோளிலேயே தொங்க, மெதுவாக உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட?"

"டிரைவருக்கும் உண்டு. எழுத்துல தர்றேன். வீட்டை ரெண்டு பேர் பேர்லயும் வாங்குங்க."

அவள் புருஷனைப் பார்க்காமல் மேஜை விளிம்பைப் பார்த்துக் கேட்டாள். "அப்போ, இவர் இல்லாட்டியும் என்னை யாரும் கிளப்ப முடியாதுல்ல?"

"முடியாது. மிச்சக் கடனை இன்சூரன்ஸ் அடைச்சிடும்."

"பாத்தீங்களா மேடம்," என்றார் லாரிக்காரர். "ஆளு உயிரோட பக்கத்துல உக்காந்திருக்கேன். அதுக்குள்ள என் கணக்கை முடிச்சுட்டா."

மேஜைக்கு அடியில் அவர் தொடையை நறுக்கென்று கிள்ளினாள். கிள்ளிய கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டு, மற்ற கையால் விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.