வெறுந்தண்ணி வரிசை

"அப்ப ரெண்டும் ஒன்னுதானா?"

"ஒன்னுதான் ஆன்ட்டி. சாறு தெளிச்ச வரிசையும் தெளிக்காத வரிசையும் ஒரே உயரம், ஒரே பச்சை. ரெண்டு வாட்டி அளந்துட்டேன்."

"நல்லதுதானே? எல்லாச் செடியும் நல்லாத்தானே இருக்குது?"

"நல்லா இருக்கறதுதான் பிரச்சனை" என்று சொல்லிவிட்டு இந்து சிரித்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை என்று பட்டது பாக்கியவதிக்கு.

தங்கச் சுரங்கம் மூடிப்போன சாம்பியன் ரீப்ஸில், பாக்கியவதி இருக்கும் தொழிலாளர் லைனில் பத்து வீடு. ஒன்பதுக்குப் பூட்டு. மகன் ஸ்டீவன் பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிகிற நேரம் பார்த்து போன் செய்து "சாப்டியாம்மா?" என்பான். "சாப்ட்டேன்" என்பாள். அந்த வாரத்துப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஆராய்ச்சி படிப்பதாகச் சொல்லிக்கொண்டு, கொல்லையில் நாலு வரிசைக்கு இடம் கேட்டு வந்து நின்றாள் இந்து. பின்னால் சுரங்கக்கழிவைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன சயனைடு மேடு. காற்றடித்தால் அந்தத் தூள் வந்து கொல்லையில் படியும். "இந்த மண்ணுல ஆர்சனிக் இருக்கு ஆன்ட்டி. செடி அதைக் குடிச்சுட்டுச் சுருண்டுபோவுது. முருங்கை இலைச் சாறு தெளிச்சா தாங்குதான்னு பாக்கப்போறேன்" என்றாள். தண்டுக்கீரை விதைத்தார்கள். இரண்டு வரிசைக்குச் சாறு, இரண்டுக்கு வெறுந்தண்ணி. வாரநாட்களில் தெளிக்கிற வேலை பாக்கியவதிக்கு. கீரையை மட்டும் வாயில் வைக்கக்கூடாது.

சனிக்கிழமை தோறும் ரயிலேறி வருவாள் இந்து. அளப்பாள், எழுதுவாள், இரண்டு தம்ளர் டீ குடிப்பாள். பாக்கியவதி வியாழக்கிழமையே வீடு பெருக்க ஆரம்பித்துவிடுவாள். சொல்ல வேண்டியதையெல்லாம் வாரம் முழுக்கச் சேர்த்துவைப்பாள்.

"முருங்கைச் சாறு பிரயோஜனம் இல்லைன்னு சார்கிட்ட சொல்லிடறேன்" என்றாள் இந்து. "பூதிகோட்டையில ஒருத்தர் நிலம் தர்றேன்னாரு. வேற இலையை வச்சு அங்க ஆரம்பிக்கணும்."

"அப்ப இங்க வரமாட்ட."

"இங்க இன்னா இருக்கு ஆன்ட்டி?"

டீ போடுகிறேன் என்று பாக்கியவதி உள்ளே போனாள். பால் பொங்கி வழிந்தது, அணைக்கத் தோன்றவில்லை. சொல்லாவிட்டாலும் போய்விடுவாள். சொன்னால் கோபித்துக்கொண்டு போவாள். எப்படியும் போகிறவள் பொய்யை எடுத்துக்கொண்டா போக வேண்டும்? அடுப்பை நிறுத்திவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

"நான்தான் ஊத்தினேன்."

"இன்னாது?"

"வெறுந்தண்ணி வரிசைக்கும் சாறு ஊத்தினேன். மூணாவது வாரத்துலேர்ந்து. உன் பாட்டில்ல கைவைக்கல கண்ணு. நம்ம மரத்துலயே பறிச்சு, மிக்ஸில அரைச்சு, வடிகட்டி ஊத்தினேன்."

இந்து நோட்டைப் பின்னால் புரட்டினாள். மூன்றாவது வாரத்தில் மஞ்சள், சுருட்டை என்று அவளே எழுதியிருந்தாள். அதற்கப்புறம் மெல்ல மெல்லப் பச்சை.

"மழை பெய்ஞ்சு தேறிடுச்சுன்னுல்ல நினைச்சேன்! ஏன் ஆன்ட்டி இப்படி?"

"இது ரெண்டும் கொழுகொழுன்னு நிக்குது, அது ரெண்டும் பக்கத்துலயே காஞ்சுகினு நிக்குது. லைன்ல ஒரு வீட்டுக்குக் கொழம்பு குடுத்துட்டு அடுத்த வீட்டைத் தாண்டிப் போக முடியுமா, நீயே சொல்லு?"

லைனில் அதுதான் வழக்கம். கறி எடுத்த அன்றைக்குக் குழம்புச் சட்டி முதல் வாசலில் கிளம்பினால் பத்தாவது வாசல் வரைக்கும் போகும். சண்டை போட்ட வீட்டுக்கு ஒரு துண்டு குறையலாம், வாசலைத் தாண்டக்கூடாது. பாக்கியவதி யாருக்கும் குழம்பு ஊற்றி ஆறு வருஷமாகிவிட்டது.

இந்துவின் முகம் சட்டென்று மலர்ந்தது. "அப்படின்னா சாறு வேலை செஞ்சிருக்கும் போல! எவ்ளோ இலை போட்டீங்க?"

"ரெண்டு கை. சில நாளு மூணு."

"தண்ணி?"

"ஒரு சொம்பு. அது எந்தச் சொம்புன்னு..."

மலர்ந்த முகம் அப்படியே அடங்கியது. "இதை எப்படி ஆன்ட்டி நான் எழுதறது?"

"என் பேரைப் போட்டு எழுதிடு. திட்டறவங்க என்னைத் திட்டட்டும்."

இந்த முறை இந்து நிஜமாகவே சிரித்தாள். சிரித்து முடித்ததும் நாலு வரிசையையும் பார்த்துக்கொண்டு நின்றாள். "வெறுந்தண்ணி வரிசை வாடறதைச் சும்மா பாத்துகினு இருக்கணும் ஆன்ட்டி. அதுதான் இதுல பாதி வேலை. எல்லாராலயும் ஆகாது" என்றாள். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் பாக்கியவதி பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பாள்.

ஸ்கேல், நோட்டு, பாட்டில் எல்லாம் பைக்குள் போயின. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பாக்கியவதி கேட் வரைக்கும் கூடவே போனாள். பூட்டிய வீடுகளைத் தாண்டி, லைன் முனை வரைக்கும் போனாள். இந்து செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தபோதுதான் வாய் வந்தது.

"இன்னொரு வாட்டி விதைச்சுப் பாக்கலாம் கண்ணு. இந்தத் தபா தொடமாட்டேன். வாடினா வாடட்டும், பல்லைக் கடிச்சுகினு பாத்துகினு இருக்கறேன். அடுத்த சனிக்கிழமை விதை எடுத்துகினு வர்றியா?"